ஊகத்தில் மாற்றும் சென்ஸர்: நட்டம் யாருக்கு?

றொசல்லயிலோ வட்டவளையிலோ கினிகத்தேனையிலோ கடை வைத்திருப்பவருக்கு வேன் ஒரு நாள் நின்றால் வியாபாரத்தில் பாதி நின்ற மாதிரி. ஹற்றனிலிருந்து மா, சீனி, பருப்பு ஏற்றி வருவதும், தோட்டங்களுக்குச் சாமான் இறக்குவதும், சம்பள நாளில் இரண்டு தடவை ஓடுவதும் அந்த ஒரு வாகனம்தான். பெரும்பாலும் அது பதினைந்து, இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வாகனம். அதன் டாஷ்போர்டில் ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட சின்ன லைட் ஒன்று எரிகிறது. அன்றிலிருந்து செலவு ஆரம்பமாகிறது.

லைட் எரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கராஜுக்குப் போகிறோம். ஸ்கேனர் போடுகிறார்கள். ஓர் இலக்கம் வருகிறது. "ஒட்சிசன் சென்ஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ஒன்றை எடுத்து வந்து பூட்டுகிறோம். ஒரு கிழமை நன்றாக ஓடுகிறது. பிறகு அதே லைட், அதே இலக்கம். "அப்படியென்றால் எயார் புளோ சென்ஸராக இருக்கும்" என்கிறார்கள். அதையும் மாற்றுகிறோம். மூன்றாவது தடவை போகும்போது "கொம்பியூட்டர் பெட்டியே பழுது" என்கிறார்கள். இதற்குள் இரண்டு சென்ஸருக்கான பணமும், மூன்று நாள் வியாபாரமும் போய்விட்டன. பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பழைய வாகனத்தில் சென்ஸர் பழுதைக் கண்டுபிடிப்பதற்குச் செலவழிக்கும் பணமும் நேரமும் ஒருபோதும் வீணாகாது. கண்டுபிடிக்காமல் வாங்கிப் பூட்டும் சாமான்தான் வீண். இதை மெக்கானிக்மார் உணர வேண்டும் என்று சொல்வதற்கு முன், பணம் கொடுக்கும் நாம் உணர வேண்டும் என்பது எனது கருத்து.

பழைய வாகனம் ஏன் நம்மோடு தங்கியது

2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம். அந்த இடைவெளியிலேதான் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்தது. அவ்வருடம் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதி திறந்த பிறகும் வரியும் டொலர் விலையும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. ஆகவே கொரோலா 110, கொரோலா 121, சனி எப்பி 15, லான்சர், லைட்ஏஸ், டவுன்ஏஸ் என்று நாம் வைத்திருக்கும் வாகனங்களை இன்னும் பல வருடங்களுக்கு ஓட்டித்தான் ஆக வேண்டும்.

எரிபொருளையும் மறக்க முடியாது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர், 2022 ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாவானது. அந்த வருடம் கியூ.ஆர். முறை வந்தபோது வேனுக்கும் காருக்கும் கிழமைக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 20 லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அன்று எல்லோரும் எண்ணினோம். நிலைமை சற்று இலகுவானதும் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஆனால் சென்ஸர் பழுது முதலில் தெரிவது லைட்டில் அல்ல, இந்தக் கணக்கில்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வாகனம் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுத்தால் 6 லீற்றர் போதும். அதே வாகனம் 7.5 கிலோமீற்றருக்கு இறங்கினால் 8 லீற்றர் வேண்டும். நாளுக்கு 2 லீற்றர். மாதத்தில் 26 நாள் ஓடினால் 52 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 15,600 ரூபா சைலன்ஸர் வழியாகப் புகையாகப் போகிறது. கடையில் ஒரு கிலோ சீனி குறைந்தால் கணக்குக் கேட்கும் நாம் இதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

சென்ஸர் என்பது ஒரு தராசு

என்ஜினுக்குள் நடப்பதும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். பெற்றோல் சரியாக எரிவதற்கு 1 கிராம் பெற்றோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பழைய கார்புரேட்டர் இதை ஒரு மட்டமாகக் கலந்து விட்டது. இன்ஜெக்டர் வாகனத்தில் கொம்பியூட்டர் பெட்டி கணக்குப் பார்த்து அளந்து விடுகிறது. அந்தப் பெட்டிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, என்ஜின் எவ்வளவு சூடு, எக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எரிந்து வெளியேறும் புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று அதற்குச் சொல்வது சென்ஸர்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு இது இலகுவாக விளங்கும். கொழுந்து நிறுக்கும் தராசு எதைக் காட்டுகிறதோ அதைத்தான் கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதுவார். தராசு பிழையென்றால் கணக்கும் பிழை. அதற்காகக் கணக்கப்பிள்ளையை மாற்றினால் சரிவருமா? தராசை மாற்றுவதற்கு முன்னும், அது உண்மையிலேயே பிழையா, அல்லது கூடையில் தண்ணீர் நின்றதா என்று பார்க்க வேண்டாமா? கூடையில் தண்ணீர் நின்றால் தராசு கூடுதலாகக் காட்டும். அது தராசின் குற்றம் அல்ல.

ஒட்சிசன் சென்ஸர் புதிய விடயமும் அல்ல. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் தயாரித்த இந்தச் சென்ஸரை வொல்வோ நிறுவனம் 1976இல் தனது கார்களில் பூட்டி விற்றது. ஐம்பது வருடப் பழைய சாமான். நம்மிடையே அது இன்னமும் மந்திரப் பொருள் போலப் பேசப்படுவதால்தான் அதன் பெயரைச் சொல்லிப் பணம் வாங்க முடிகிறது.

இலக்கம் ஒரு முறைப்பாடு மட்டுமே

ஸ்கேனரில் வரும் இலக்கம் "இந்தச் சாமானை மாற்று" என்று சொல்வதில்லை. "இந்த இடத்திலிருந்து வரும் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை" என்று கொம்பியூட்டர் கொடுக்கும் முறைப்பாடு அது. முறைப்பாடு வந்தவுடன் யாரையும் தண்டிப்பதில்லை, விசாரிக்கிறோம்.

பி 0171 என்ற இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். கலவையில் பெற்றோல் குறைவு, காற்று கூட என்பது அதன் அர்த்தம். இதைக் கண்டதும் பலர் ஒட்சிசன் சென்ஸரைக் கழற்றுகிறார்கள். ஆனால் காற்று அளக்கும் சென்ஸருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஒட்சிசன் சென்ஸர் உண்மையைத்தான் சொல்கிறது: காற்று கூட. பெற்றோல் பில்டர் அடைத்திருந்தாலும், பம்ப் பலவீனமாக இருந்தாலும் இதே இலக்கம் வரும். காற்று அளக்கும் சென்ஸரின் மெல்லிய கம்பியில் தூசியும் எண்ணெயும் படிந்தாலும் வரும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தாலே பல வேளைகளில் போதும். சைலன்ஸர் குழாயில் சென்ஸருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதனூடாகப் புகுந்து அதே பிழையைக் காட்டும். ஐந்து காரணங்கள். அவற்றில் ஒன்றுக்குக்கூடப் புதிய ஒட்சிசன் சென்ஸர் மருந்து அல்ல.

உண்மையில் ஒட்சிசன் சென்ஸர் நல்லதா என்பதைப் பார்க்க ஒரு வழி உண்டு. பழைய வாகனங்களில் உள்ள சாதாரண வகை, என்ஜின் சூடான பிறகு சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால், கலவையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்போது அது அசைந்தால் சென்ஸர் உயிரோடு இருக்கிறது, பழுது வேறெங்கோ. அசையாவிட்டால் மாற்றலாம். ஆனால் என்ஜின் ஒயில் குடிக்கிறதென்றால், அல்லது யாரோ பெக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கன் கம் அள்ளிப் பூசியிருந்தால், புதிய சென்ஸரும் சீக்கிரம் செத்துப்போகும். நோயை விட்டுவிட்டு வெப்பமானியை மாற்றும் வைத்தியம் இது.

மலைநாட்டுக்கே உரிய மூன்று விடயங்கள்

கொழும்பில் பழகிய மெக்கானிக்குக்குத் தெரியாத சில காரணங்கள் நம் பக்கத்தில் உண்டு.

முதலாவது மழை. இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று வட்டவளை. அங்கிருந்து றொசல்ல, ஹற்றன் வரை ஏறும் பாதையில் மழையும் மூடுபனியும் வருடத்தில் பல மாதம் விடுவதில்லை. வாகனம் இரவில் வெளியே நிற்கிறது. சென்ஸர் வயரின் சொக்கட்டுக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூக்கிறது. என்ஜினையும் பொடியையும் இணைக்கும் ஏர்த் வயர் துருப்பிடிக்கிறது. பெரும்பாலான சென்ஸர்களுக்குக் கொம்பியூட்டர் அனுப்புவது 5 வோல்ட். அந்தச் சின்ன மின்சாரத்தில் சொக்கட்டில் படிந்த களிம்பு கால் வோல்ட்டைச் சாப்பிட்டாலும் கணக்குப் பிழைத்துவிடும். சென்ஸரைக் கழற்றுவதற்கு முன் சொக்கட்டைக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்து, ஏர்த் வயரைச் சுரண்டிப் பூட்டினால் பல லைட்டுகள் அணைந்துவிடும். ஒரு துண்டு மண்கடதாசியும் அரை மணி நேரமும்தான் செலவு.

இரண்டாவது தெர்மோஸ்டாட். மேட்டில் ஏறும்போது என்ஜின் கொதிக்கிறது என்று சொல்லி அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அதைக் கழற்றினால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டருக்கு ஓடும். கொழும்புச் சூட்டில் இது பெரிதாகத் தெரியாது. மலைநாட்டுக் குளிரில், இறக்கத்தில் ஓடும்போது, என்ஜின் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. கொம்பியூட்டர் "என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்துக் கூடுதலாகப் பெற்றோல் விடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் காருக்கு எண்ணெய் அதிகம் போகிறது என்று இரண்டு தடவை ஒட்சிசன் சென்ஸர் மாற்றினார்கள். கடைசியில் ஒரு பையன் லைவ் டேட்டாவைப் பார்த்து, ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் தண்ணீர் 60 பாகையைத் தாண்டவில்லை என்று காட்டினான். தெர்மோஸ்டாட் இருந்த இடம் காலியாக இருந்தது. சென்ஸர்கள் எல்லாம் உண்மை பேசியிருக்கின்றன. கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை.

மூன்றாவது உயரம். ஹற்றன் சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். கொழும்பில் சுமார் 101 கிலோபஸ்கலாக இருக்கும் அழுத்தம் ஹற்றனில் 87 அளவிலும் நுவரெலியாவில் 81 அளவிலும்தான் இருக்கும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, காற்றழுத்தம் அளக்கும் மெப் சென்ஸரைப் பார்த்தால் இந்த அளவுகள்தான் வர வேண்டும். புத்தகத்தில் உள்ள கடல் மட்ட அளவை வைத்துக்கொண்டு "குறைவாகக் காட்டுகிறது, சென்ஸர் பழுது" என்று சொன்னால், நல்ல சென்ஸர் ஒன்று குப்பைக்குப் போகும். நம் உயரத்தில் 101 காட்டும் சென்ஸரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதேபோல் மேட்டில் வாகனத்துக்கு இழுவை கொஞ்சம் குறைவது இயற்கை. காற்று குறைந்தால் பலமும் குறையும். எல்லாவற்றுக்கும் பழுது தேட வேண்டியதில்லை.

ஸ்கேனர் பேசாத வாகனம்

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை" என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தும், ஐரோப்பாவில் 2001 முதல் பெற்றோல் கார்களுக்கும் ஒரே வகையான ஓபிடி முறை கட்டாயமானது. ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்த வாகனங்களை அந்தச் சட்டங்கள் கட்டுப்படுத்தவில்லை. நமக்கு ரீகண்டிஷன் என்று வந்தவை பெரும்பாலும் அவைதான். ஆகவே மலிவு விலைக்கு வாங்கும் சின்ன புளூடூத் ஸ்கேனர் 1990களின் ஜப்பான் காரோடு பேசாமல் போவது புதினம் இல்லை.

அதற்காக அந்த வாகனம் ஊமை அல்ல. அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் பொனட்டுக்குள்ளே டயக்னோசிஸ் என்று எழுதிய மூடியோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியைப் போட்டால் செக் என்ஜின் லைட் மின்னி மின்னி இலக்கத்தைச் சொல்லும். இரண்டு மின்னல், ஓர் இடைவெளி, மீண்டும் இரண்டு மின்னல் என்றால் 22: தண்ணீர்ச் சூடு காட்டும் சென்ஸரின் பாதை. 21 ஒட்சிசன் சென்ஸர். 41 திரொட்டில் சென்ஸர். 31 மெப் சென்ஸர் அல்லது காற்று அளவு. இதற்கு ஸ்கேனரே தேவையில்லை. ஆனால் முனை மாறி இணைத்தால் சேதம் வரும். தெரிந்தவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

இலக்கம் வந்த பிறகு மல்டிமீற்றர் பேச வேண்டும். தண்ணீர்ச் சூட்டுச் சென்ஸரை எடுத்துக்கொண்டால், டொயோட்டா வகையில் 20 பாகையில் இரண்டு முதல் மூன்று ஆயிரம் ஓம் வரையும், 80 பாகையில் முந்நூறு ஓம் அளவிலும் காட்ட வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, சென்ஸரை அதில் இறக்கி, சூடு ஏற ஏற ஓம் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். இறங்கினால் சென்ஸர் நல்லது, வயரைத் தேடுங்கள். இறங்காவிட்டால் மாற்றுங்கள். இவ்வளவுதான் விசயம். அதைச் செய்ய ஒரு மல்டிமீற்றரும் பொறுமையும் போதும்.

மேட்டில் ஏறும்போது சூடாகி நின்று, அரை மணி நேரம் ஆறிய பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் வாகனங்களும் உண்டு. அப்போது கிராங்க் சென்ஸரை, அல்லது டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய வகையில் அதனுள் இருக்கும் பிக்கப்பைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் அதையும் நின்ற நேரத்திலேயே பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் என்ஜின் சுற்று பூச்சியம் என்று வந்தால் சந்தேகம் பலமாகும். சுற்று காட்டினால் பெற்றோல் பம்ப், கொயில் பக்கம் பாருங்கள். ஆறிய பிறகு கராஜுக்குக் கொண்டுபோய், "ஒன்றும் இல்லையே" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவதில் பயனில்லை.

டீசல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டொல்பின் போன்றவற்றில் பம்ப் பெரும்பாலும் இயந்திர வகை, சென்ஸர் குறைவு. கேடிஎச் போன்ற கொமன் ரெயில் வாகனங்களில் நிலைமை வேறு. அங்கே டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஓடுகிறது. பழைய பழக்கத்தில் என்ஜின் ஓடும்போதே குழாயைத் தளர்த்திப் பார்ப்பது கையைத் துளைத்துவிடும். வேலை தெரியாதவரிடம் அதைக் கொடுக்க வேண்டாம்.

மறைத்து விற்கும் லைட்

இனி வருவது நமது மார்க்கத்தோடு சம்பந்தப்பட்ட விடயம். செக் என்ஜின் லைட் எரியும் வாகனத்தை விற்கும்போது சிலர் என்ன செய்கிறார்கள்? பியூஸைக் கழற்றி, இலக்கத்தை அழித்து, அடுத்த நாள் காலையில் வாங்குபவரை வரச் சொல்கிறார்கள். இன்னும் சிலர் டாஷ்போர்டைக் கழற்றி அந்தச் சின்ன பல்பையே எடுத்துவிடுகிறார்கள். "வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்கினார்" என்பது அவர்களது நியாயம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்று விற்பவர் காரணம் சொன்னார். ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா, வாங்குகிறவர்கள் பார்க்கட்டுமே என்று கண்டித்து, மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அந்த மனிதர் தானியத்தை நனைக்கவில்லை, மழை நனைத்தது. மறைத்ததுதான் குற்றம். நமது வாகனத்தின் பழுதையும் நாம் உண்டாக்கியிருக்கமாட்டோம். பல்பைக் கழற்றியது நாம்தானே?

குறையை மறைத்து விற்றால், அதைக் கண்ட வாங்குபவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று பிக்ஹு நூல்கள் பேசுகின்றன. வாகனத்தில் குறை இருந்தால் சொல்லி விலையைக் குறைத்து விற்கலாம். அந்தப் பணத்தில் பரகத் இருக்கும். வாங்குபவர்களும் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: சாவியை ஓன் பண்ணியதும் அந்த லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாத லைட், எரிந்துகொண்டே இருக்கும் லைட்டை விட ஆபத்தானது.

இதே நியாயம் உதிரிப்பாகம் விற்கும் நம்மவர்களுக்கும் உண்டு. பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான், ரீகண்டிஷன் சாமான், சீனத் தயாரிப்பு, ஒரிஜினல் என்று எல்லாம் கிடைக்கிறது. எதை விற்பதும் குற்றமல்ல. ஜப்பான் பெட்டிக்குள் வேறொன்றைப் போட்டு ஜப்பான் விலைக்கு விற்பது குற்றம். கழற்றிய சாமானைக் கழற்றியது என்று எழுதி, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றும் பற்றுச்சீட்டில் குறித்துக் கொடுக்கும் கடைக்குத்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

கராஜ்காரரும் நாமும்

குற்றத்தை மெக்கானிக்மார் மீது மட்டும் போடுவது நியாயமாகாது. ஒரு பையன் இரண்டு மணி நேரம் வயர் வயராகத் தேடி, கடைசியில் ஒரு ஏர்த் வயரைச் சுரண்டிப் பூட்டி வாகனத்தைச் சரி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் இரண்டு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் "ஒரு வயரைச் சுரண்டியதற்கா இவ்வளவு?" என்கிறோம். அதே ஆள் அரை மணி நேரத்தில் தேவையில்லாத ஒரு சென்ஸரைப் பூட்டினால் சாமானுக்கும் கூலிக்கும் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். நாமேதான் அவனுக்கு ஊகத்தில் மாற்றக் கற்றுக்கொடுக்கிறோம். மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் கூலி என்றால் அவன் சாமானைத்தான் விற்பான்.

ஆகவே, பழுது கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாக ஒரு கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வேலையாளின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது. அந்தக் கூலியைக் கொடுத்த பிறகு மூன்றைக் கேட்கும் உரிமை நமக்கு வருகிறது. ஒன்று, என்ன இலக்கம் வந்தது, என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது என்பதை ஒரு துண்டில் எழுதித் தர வேண்டும். இரண்டு, கழற்றிய பழைய சாமானைக் கையில் தர வேண்டும். மூன்று, பற்றுச்சீட்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. முறைப்பாடு செய்வதென்றால் கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும்; வாய்ப்பேச்சு நிற்காது.

வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். எண்ணெய் அடித்த நாள், லீற்றர், மீற்றர் இலக்கம், செய்த வேலை. கடைக் கடன் எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கங்களே போதும். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது இறங்க ஆரம்பித்தால் லைட் எரியும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும் நாளில் புகைப் பரிசோதனையில் தவறி அலையவும் வேண்டியிருக்காது. பெற்றோல் கூடுதலாக எரியும் வாகனம்தான் அங்கே காபன் மொனொக்சைட் கூடி விழுகிறது.

கடைசியாக ஒரு யோசனை. ஜப்பான் வாகனங்களோடு பேசும் நல்ல ஸ்கேனர் ஒன்றை வாங்குவது தனி ஆளாகக் கராஜ் நடத்தும் இளைஞனுக்குப் பாரம். அதே ஊரில் ஐந்தாறு வியாபாரிகள் சேர்ந்து, வட்டியில்லாமல், மாதம் மாதம் கழித்துத் தரும்படி ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால் என்ன? கொடுத்த பணம் திரும்பி வரும். ஊரில் ஒரு நல்ல தொழிலாளி இருப்பான். ஓ.எல். எழுதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நமது பிள்ளைகளை எல்லாம் கடைக் கவுண்டரிலேயே நிறுத்த வேண்டியதும் இல்லை. மொரட்டுவையில் இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகமும், நைட்டா எனப்படும் தொழிற் பயிலுநர் அதிகாரசபையும் மோட்டார் வாகனத் தொழிலில் பயிற்சி கொடுக்கின்றன. இனி வரும் வாகனங்கள் ஹைபிரிட், மின்சாரம் என்று போகின்றன. சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் வைத்து அவற்றைத் திருத்த முடியாது. வோல்ட்டும் ஓமும் தெரிந்த பிள்ளைக்கு மலைநாட்டில் வேலை குறையாது.

வியாபாரி நிறுக்காமல் விற்பதில்லை, எண்ணாமல் வாங்குவதில்லை. வாகனத்தைத் திருத்தும்போது மட்டும் ஏன் அளக்காமல் மாற்ற வேண்டும்? அடுத்த முறை அந்த மஞ்சள் லைட் எரியும்போது "என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "என்ன அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு கேள்வியே பல ஆயிரம் ரூபாவை உங்கள் பையில் மிச்சப்படுத்தும்.